பல்லை வெள்ளையாக்கி சிரிப்பை சரி பண்ணணுமா? எதை முதல்ல செய்யணும், எதை கடைசியில செய்யணும்னு ஒரு முழுமையான வழிகாட்டி

என்னோட மேல் முன்பல்லு ஒண்ணுல மூலையில பழைய ஃபில்லிங் ஒண்ணு இருந்துச்சு. சின்ன வயசுல விழுந்து உடைஞ்ச இடம், டாக்டர் பல் கலர்லயே அடைச்சு விட்டிருந்தாரு, கிட்ட வந்து உத்துப் பாத்தாக்கூட யாருக்கும் தெரியாது. சில வருஷம் முன்னாடி ஒரு ஃபங்ஷனுக்காக அவசர அவசரமா பல்லை ப்ளீச் பண்ணிக்கிட்டேன். பல்லெல்லாம் பளிச்னு ஆயிடுச்சு, அந்த மூலை மட்டும் பழைய கலர்லயே நின்னுடுச்சு, போட்டோல பாத்தா பல்லுல ஒரு சொட்டு டீ காஞ்சு ஒட்டிக்கிட்ட மாதிரி. ஃபில்லிங் வெளுக்காதுன்னு அங்க யாரும் சொல்லல, எனக்கும் கேக்கணும்னு தோணல. யாருக்குமே தெரியாம இருந்த ஒண்ணை காசு குடுத்து ஊருக்கே காட்டிக்கிட்டேன்.

அதனால இந்த கட்டுரை முழுக்க வரிசையைப் பத்திதான். எந்த ட்ரீட்மென்ட் நல்லதுன்னு கேக்கறதை விட எதுக்கு அப்புறம் எதுன்னு கேக்கறதுதான் முக்கியம். பொதுவா பல்லை ஒண்ணும் செய்யாத வேலை முதல்ல, பல்லை ராவி எடுக்கற வேலை கடைசியில, அதுவும் நிஜமா தேவைப்பட்டா மட்டும்.

முதல்ல பல்லு ஏன் மஞ்சளா தெரியுதுன்னு புரிஞ்சுக்கோங்க

பல்லோட வெளி ஓடு எனாமல். உடம்புலயே கடினமான பொருள் அதுதான், எடையில கிட்டத்தட்ட 96% தாது உப்பு. ஆனா அது சுத்த வெள்ளை கிடையாது, லேசா ஒளி ஊடுருவுற ஒரு கண்ணாடி மாதிரி. அதுக்கு உள்ள இருக்கிற டென்டின் இயல்பாவே மஞ்சள். நாம பாக்கற பல் கலர் பெரும்பாலும் அந்த டென்டின் எனாமல் வழியா தெரியறதுதான். வயசாக ஆக எனாமல் தேயும், உள்ள டென்டின் தடிக்கும், அதனால நல்லா பல் தேய்க்கறவங்களுக்கும் மஞ்சள் கூடிக்கிட்டுத்தான் போகும், அதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல.

கறை ரெண்டு வகை. வெளிக்கறை வந்து டீ, காபி, ரெட் வைன், சிகரெட், அப்புறம் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை வாரக்கணக்கா கொப்பளிச்சா வர்ற பழுப்பு. இது மேல ஒட்டிக்கிட்டு இருக்கறது, சுரண்டி எடுத்துடலாம். உள்கறை வேற கதை. பல் உருவாகிற வயசுல, அதாவது 8 வயசுக்குள்ள டெட்ராசைக்ளின் மாத்திரை சாப்பிட்டிருந்தா சாம்பல் கலந்த பட்டை விழும், அதே வயசுல குடிச்ச தண்ணில ஃப்ளோரைடு அதிகமா இருந்தா வெள்ளைத் திட்டு, பழுப்புத் திட்டு வரும் (குடிதண்ணில லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல கூடாதுங்கறது உலக சுகாதார நிறுவனத்தோட வரம்பு), அடிபட்டு உள்நரம்பு செத்துப்போனா அந்த ஒரு பல்லு மட்டும் கறுக்கும். உங்களுக்கு எந்த வகைன்னு தெரியாம ட்ரீட்மென்ட்டை நீங்களே முடிவு பண்ணிட்டுப் போகாதீங்க.

படி 1: செக்கப், கூடவே ஒரு கணக்கெடுப்பு

சொத்தை, ஈறு வீக்கம், வெடிப்பு, வேர் வெளிய தெரியறது, இதெல்லாம் இருக்கான்னு முதல்ல பாக்கணும், தேவைன்னா எக்ஸ்ரே. சொத்தை ஓட்டைக்குள்ள ப்ளீச் ஜெல் இறங்கினா வலி உச்சந்தலைக்கு ஏறும், சொல்றதைக் கேளுங்க. அதோட வாயில எங்கெங்க ஃபில்லிங், எங்கெங்க கேப் (பல்லைச் சீவி மேல மாட்டற முழு ஓடு) இருக்குன்னு, முக்கியமா சிரிச்சா தெரியற மேல் 8, 10 பல்லுல, டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வெச்சுக்கோங்க. இது எதுவுமே வெளுக்காது. ப்ளீச் பண்ணின அப்புறம் மாத்த வேண்டிய செலவு இதுலதான் ஒளிஞ்சிருக்கு.

கலர் அளக்கறதுக்கு ஷேடு கைடுன்னு ஒண்ணு வெச்சிருப்பாங்க, பல் மாதிரியே துண்டு துண்டா கோத்திருக்கும். ரொம்ப நாளா புழக்கத்துல இருக்கறது வீட்டா கிளாசிக்கல், மொத்தம் 16 ஷேடு. ஏ வரிசை செம்பழுப்பு, பி மஞ்சள் கலந்தது, சி சாம்பல், டி செஞ்சாம்பல். லிப்ஸ்டிக்கைத் துடைச்சுட்டு, ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்துல, பல்லு ஈரமா இருக்கும்போதே அந்த துண்டை பல் பக்கத்துல பிடிச்சு ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. ஒரு மாசம் கழிச்சு "ஒண்ணுமே மாறலையே"ன்னு தோணும்போது இந்த போட்டோதான் சாட்சி, ஏன்னா தினமும் கண்ணாடில பாக்கற கண்ணு பழகிப்போயிடும்.

படி 2: ஸ்கேலிங், அதாவது பல் கிளீனிங்

நாக்கு நுனியால கீழ் முன்பல்லோட உள்பக்கத்தைத் தடவிப் பாருங்க. சொரசொரன்னு ஒரு விளிம்பு தட்டுதா? அதுதான் காரை. எச்சில் சுரப்பியோட வாய் அந்த இடத்துலதான் திறக்குது, எச்சில்ல இருக்கிற கால்சியம் அழுக்கு மேல படிஞ்சு கல்லாயிடும், பிரஷ்ஷால போகவே போகாது. ஸ்கேலிங் மெஷினோட முனை நொடிக்கு 25,000 தடவைக்கு மேல அதிரும், தண்ணியோட சேந்து காரையைப் பேத்து எடுத்துடும்.

"கிளீன் பண்ணினா பல்லு ஆடும், இடைவெளி விழும்"னு சொல்றவங்க எல்லா வீட்டுலயும் ஒருத்தர் இருப்பாங்க. நிஜத்துல என்னன்னா ஈறு ஏற்கனவே இறங்கி எலும்பு கரைஞ்சு, அந்த காரைதான் சிமெண்ட் மாதிரி பல்லைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கும், எடுத்ததும் உண்மை நிலை தெரியுது, அவ்வளவுதான். நிறைய பேருக்கு இந்த படியோடவே வேலை முடிஞ்சுடும். வெளிக்கறை மட்டும்தான் பிரச்சனைன்னா கிளீன் பண்ணி பாலிஷ் போட்டதும் கண்ணாடியைப் பாத்து "போதுமே இது"ன்னு தோணலாம், தோணினா அங்கயே நிறுத்திக்கோங்க.

படி 3: வரிசை சரியில்லைன்னா கிளிப் அல்லது அலைனர்

தெத்துப்பல், எத்துப்பல், நடுவுல சந்து, இதெல்லாம் இருந்தா வெள்ளையாக்கறதுக்கு முன்னாடியே வரிசைப்படுத்தறது நல்லது. கோணலா இருக்கிற பல்லு மேல வெனீர் (பல்லோட முன்பக்கத்துல ஒட்டற மெல்லிசான ஓடு) ஒட்டி நேரா காட்டறதுக்கு நல்ல பல்லை நிறைய ராவ வேண்டி வரும், அது எனக்கு சுத்தமா பிடிக்காத குறுக்குவழி. அலைனர்னா (கழட்டி மாட்டற ஒளி ஊடுருவுற பிளாஸ்டிக் உறை) ஒரு நாளைக்கு 20லேருந்து 22 மணி நேரம் போட்டிருக்கணும், ஒவ்வொரு செட்டும் பல்லை கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நகத்தும், அதனால மாசக்கணக்குல பொறுமை வேணும். பல்லு மேல ஒட்டற சின்ன சின்ன பொத்தான்களை எடுத்த அப்புறம் ப்ளீச்சுக்குப் போங்க. கிளிப் போட்டிருந்த காலத்துல சரியா தேய்க்காம விட்டா, கழட்டும்போது ஒவ்வொரு கிளிப்பைச் சுத்தியும் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைத் தடம் இருக்கும், அதுக்கு என்ன பண்றதுன்னு கீழ வரேன்.

படி 4: வெள்ளையாக்கற வேலை

ப்ளீச்சிங்ல வேலை செய்யற மருந்து ஒண்ணே ஒண்ணுதான், ஹைட்ரஜன் பெராக்சைடு. கார்பமைடு பெராக்சைடுன்னு போட்டிருந்தாலும் அது வாயில உடைஞ்சு இதைத்தான் தரும், 10% கார்பமைடுன்னா தோராயமா 3.5% ஹைட்ரஜன் பெராக்சைடு. இது எனாமலைக் கடந்து டென்டினுக்குள்ள போய் அங்க இருக்கிற நிற மூலக்கூறுகளை உடைக்குது. உள்ள இருக்கிற நரம்பு வரைக்கும் கால் மணி நேரத்துக்குள்ளயே எட்டிடும், பல் கூச்சம் வர்றதுக்கு காரணமும் இதுதான்.

நான் ஓட்டு போடறது வீட்டுல பண்ற ட்ரே முறைக்குத்தான். 1989ல ஹேவுட், ஹேமன்னு ரெண்டு பல் டாக்டருங்க இதைப் பத்தி எழுதினாங்க, அன்னிலேருந்து அதிகமா சோதிச்சுப் பாத்த முறை இது. டாக்டர் உங்க பல்லை அச்சு எடுத்து மெல்லிசா ஒரு ட்ரே செஞ்சு குடுப்பாரு, கூடவே கார்பமைடு ஜெல் சிரிஞ்ச். ராத்திரி பல் தேய்ச்சுட்டு, நூல் விட்டு சுத்தம் பண்ணிட்டு, ட்ரேல ஒவ்வொரு பல்லு வர்ற இடத்துலயும் முன்பக்க சுவர்ல ஒரு அரிசி மணி அளவுக்கு மட்டும் ஜெல் வைங்க. எல்லாரும் பண்ற தப்பு இங்கதான், நிறைய வெச்சா சீக்கிரம் வெளுக்கும்னு பிதுக்கிடறாங்க, அது ட்ரே ஓரமா வழிஞ்சு ஈறைச் சுட்டு வெள்ளையாக்கும். ட்ரேயை மாட்டின அப்புறம் ஈறு மேல பிதுங்கினதை விரலாலயோ பஞ்சாலயோ துடைச்சுடுங்க. 2 மணி நேரம் கழிச்சும் ஜெல்லோட வீரியம் பாதி மிச்சம் இருக்கும், அதனாலதான் தூங்கும்போது போட்டுக்கச் சொல்றாங்க, கூச்சம் உள்ளவங்க 2 மணி நேரத்துல கழட்டிடலாம், கொஞ்சம் நாள் கூட ஆகும், அவ்வளவுதான். சாதாரண மஞ்சளுக்கு 2லேருந்து 4 வாரம். டெட்ராசைக்ளின் சாம்பலுக்கு 2லேருந்து 6 மாசம்கூட ஆகும், முழுசா போகும்னு எதிர்பாக்காதீங்க, ஆனா நல்லாவே குறையும்.

கிளினிக்ல ஒரே உக்காரலில் பண்றதுல 25லேருந்து 40% வரைக்கும் பெராக்சைடு. ஈறு மேல பிசின் பூசி மூடிட்டு, 15 நிமிஷம் மாதிரி ரெண்டு மூணு தடவை ஜெல் மாத்துவாங்க. முடிஞ்சு எழுந்ததும் கண்ணாடில பாத்தா வாய் பிளப்பீங்க. அதுல ஒரு பங்கு ஏமாத்து, வாயைத் திறந்தே வெச்சிருந்ததுல பல்லு காஞ்சு போயிருக்கும், காஞ்ச பல்லு எப்பவுமே கூடுதல் வெள்ளையா தெரியும், ஒண்ணு ரெண்டு நாள்ல ஈரம் ஏறினதும் ஒரு படி இறங்கும். மேல அடிக்கிற நீல விளக்கு இருக்கே, நாள்பட பாத்தா அதால பெருசா எந்த லாபமும் இல்ல, சூட்டுல கூச்சம் வேணா கூடலாம். "லேசர்"ங்கற பேருக்காக கூடுதலா காசு குடுக்காதீங்க.

கூச்சத்துக்கு ஒரு வழி. 5% பொட்டாசியம் நைட்ரேட் இருக்கிற பேஸ்ட்டை ரெண்டு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சுடுங்க. நடுவுல சுருக் சுருக்னு மின்னல் வெட்டற மாதிரி குத்தினா ஜெல்லை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கிடுங்க, ஜெல் வைக்காத நாள்ல அதே ட்ரேல இந்த பேஸ்ட்டை வெச்சு 10லேருந்து 30 நிமிஷம் போட்டுக்கலாம். எல்லாம் முடிஞ்ச சில நாள்ல கூச்சம் தானா அடங்கிடும். அடங்கலைன்னா டாக்டர்கிட்ட போங்க.

கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கறவங்க இப்போதைக்கு தள்ளிப் போடுங்க, இதுல அவசரம் எதுவும் இல்ல. ஐரோப்பிய யூனியன்ல 2012லேருந்து 0.1%க்கு மேல பெராக்சைடு இருந்தா பல் டாக்டர் வழியாத்தான் விக்கணும், 6%க்கு மேல அழகுக்காக விக்கவே கூடாது, 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்குக் குடுக்கக் கூடாது. ஆன்லைன்ல எத்தனை சதவீதம்னே போடாம விக்கிற சிரிஞ்சை வாங்கறதுக்கு முன்னாடி இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

நடுவுல கொஞ்சம் வீட்டு வைத்தியம்

எலுமிச்சை பிழிஞ்சு தேய்க்கற வீடியோ பாத்து எனக்கு வயிறு எரியும். வாயில பிஎச் (அமிலத்தன்மையோட அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழ போனாலே எனாமல் கரைய ஆரம்பிச்சுடும், எலுமிச்சைச் சாறு 2 கிட்ட. தேய்ச்ச அன்னிக்கு வெள்ளையாத் தெரியும், ஏன்னா மேல்தோலை அரிச்சுட்டீங்க, போகப்போக எனாமல் மெலிஞ்சு உள்ள இருக்கிற மஞ்சள் இன்னும் பளிச்னு தெரியும். எனாமல்ல உயிரணு கிடையாது, போனது திரும்ப வளராது. கரி பேஸ்ட்டும் அப்படித்தான், வெளிக்கறையைச் சுரண்டும், பல்லை உள்ளேருந்து வெளுக்க வைக்காது, பழைய ஃபில்லிங் விளிம்புல கறுப்பு கோடா தங்கினா அது வேற தலைவலி. சோடா உப்பு மட்டும் தனியா பாத்தா உராய்வு கம்மிதான், அதை எலுமிச்சையோட சேக்கறதுதான் தப்பு. நீலம், ஊதா கலர்ல வர்ற பேஸ்ட் எல்லாம் துணிக்கு நீலம் போடற அதே கதை, மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்கும், கொஞ்ச நேரத்துல கழுவிட்டுப் போயிடும். போட்டோவுக்கு ஓகே.

படி 5: தனியா நிக்கிற திட்டும், ஒத்தைப் பல்லும்

ரூட் கெனால் பண்ணி கறுத்த ஒரு பல்லுக்கு வெளிய எவ்வளவு ஜெல் வெச்சாலும் சரியா வராது. பின்பக்கமா ஓட்டை போட்டு, வேர் வாயை நல்லா மூடிட்டு, உள்ளயே மருந்து வெச்சு அடைச்சு அனுப்புவாங்க, சில நாள் இடைவெளில மாத்துவாங்க. கேப் போடறதுக்கு முன்னாடி இதைக் கண்டிப்பா கேளுங்க, பல்லை ராவாமலே தப்பிக்கலாம். சூடு காட்டி பண்றதை மட்டும் வேண்டாம்னு சொல்லிடுங்க, வேர் கரையற ஆபத்து அதுல கூடுது.

வெள்ளைத் திட்டு ப்ளீச் ஆரம்பிச்ச முதல் வாரத்துல இன்னும் மோசமாத் தெரியும், பயந்து நிறுத்திடாதீங்க, சுத்தி இருக்கிற பல்லும் வெளுக்க வெளுக்க திட்டு அதோட கலக்கும். மிஞ்சினதுக்கு பிசின் ஊறவைக்கற முறை ஒண்ணு இருக்கு. திட்டுக்குள்ள இருக்கிற நுண்ணிய துளைகள்ல காத்தும் தண்ணியும் இருக்கிறதாலதான் வெளிச்சம் சிதறி வெள்ளையாத் தெரியுது. அமிலத்தால மேல்தோலைத் திறந்து துளைக்குள்ள பிசினை ஊறவெச்சா, பிசினும் எனாமலும் வெளிச்சத்தைக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வளைக்கறதால திட்டு கண்ணு முன்னாடியே மங்கிடும், ஈரத்துணில எழுத்து தெரியற மாதிரி. ஊசி கிடையாது, ட்ரில் கிடையாது. ஆழமான ஃப்ளோரைடு பழுப்புக்கு மட்டும் இது பத்தாது, லேசா தேய்ச்சு எடுக்கற மைக்ரோ அப்ரேஷன் சேக்கணும்.

ஈறு ரொம்பத் தெரியற சிரிப்பா இருந்தா, அதாவது மேல 3, 4 மில்லிமீட்டருக்கு மேல ஈறு தெரிஞ்சா, ஈறைச் சீரமைக்கற வேலையும் வெனீருக்கு முன்னாடி முடிஞ்சிருக்கணும், ஏன்னா ஈறு ஆறி அதோட இடத்துல நிக்க சில மாசம் ஆகும். எலும்பைப் பாக்காம லேசர்ல ஈறை மட்டும் வெட்டினா பல பேருக்கு அது திரும்ப வளந்துடும்.

படி 6: ரெண்டு வாரம் சும்மா இருங்க, அப்புறம் பாண்டிங்

ப்ளீச் முடிஞ்ச கையோட ஃபில்லிங் மாத்தக் கூடாது. பல்லுக்குள்ள தங்கின ஆக்சிஜன் பசையைப் பிடிக்க விடாது, கலரும் இன்னும் நிலைச்சிருக்காது. ரெண்டு வாரம் கழிச்சு என் மூலை ஃபில்லிங்கை மாத்தினப்போ கண்ணாடில பாத்துக்கிட்டு இருந்தேன். நீலக் கலர்ல ஒரு ஜெல், 37% பாஸ்பாரிக் அமிலம், அரை நிமிஷம் வெச்சு கழுவி காய வெச்சதும் அந்த இடம் மட்டும் சாக்பீஸ் மாதிரி மங்கலாச்சு. 1955ல புவனகோர்ங்கற அமெரிக்கப் பல் டாக்டர் கண்டுபிடிச்ச வழி இது, அமிலம் எனாமல்ல உண்டாக்கற நுண்ணிய குழிகள்ல பிசின் போய்க் கவ்விக்கும். அது மேல பசை, அது மேல காம்போசிட்டை (பல் கலர்ல இருக்கிற பிசின்) அடுக்கடுக்கா வெச்சு ஒவ்வொண்ணையும் நீல விளக்குல இறுக்கினாங்க. செதுக்கினதை விட பாலிஷ் பண்ணினதுக்குத்தான் நேரம் அதிகம் ஆச்சு.

உடைஞ்ச மூலை, சின்ன சந்து, குட்டைப் பல்லு இதுக்கெல்லாம் இப்படி காம்போசிட்டை ஒட்டிச் செதுக்கற பாண்டிங்குக்குத்தான் என் முதல் ஓட்டு. பல்லை ராவற வேலை அனேகமா இல்லை, ஒரே நாள்ல முடியும், பிடிக்கலைன்னா எடுத்துடலாம். குறைன்னு பாத்தா காபி கறை பிடிக்கும், ஓரம் பெயரும், 5, 7 வருஷத்துல மறுபடி கை வைக்க வேண்டி வரும்.

படி 7: வெனீர், நல்லா யோசிச்ச அப்புறம்

பீங்கான் வெனீர் அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிசா இருக்கும், கறை பிடிக்காது, 10, 15 வருஷம் தாங்கும், நல்ல கைவேலைன்னா நிஜப் பல்லுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனா பெரும்பாலும் எனாமலைக் கொஞ்சம் ராவித்தான் ஒட்டுவாங்க, ராவினது ராவினதுதான், ஆயுசுக்கும் அந்தப் பல்லுக்கு ஏதாவது ஒரு ஓடு மாட்டிக்கிட்டே இருக்கணும். சில இடத்துல வெனீர்னு சொல்லிட்டு சுத்தி முழுசா சீவி கேப் போட்டு அனுப்பறாங்க. வெனீருக்கு ஒரு பல்லோட 3லேருந்து 30% வரைக்கும் போகுதுன்னா முழு கேப்புக்கு 60, 70% போயிடும். அதனால "எத்தனை மில்லிமீட்டர் எடுப்பீங்க, பின்பக்கம் தொடுவீங்களா"ன்னு நேரடியா கேளுங்க, பதில் மழுப்பலா வந்தா எழுந்து வந்துடுங்க.

ராவறதுக்கு முன்னாடி மாதிரி போட்டுக் காட்டச் சொல்லுங்க. பல்லு மேல தற்காலிகப் பிசின்ல புது வடிவத்தை ஒட்டிக் காட்டுவாங்க, தொடவே தேவையில்ல. அதைப் போட்டுக்கிட்டு "வவ்வால், வாவா, வவ்வால்"னு நாலு தடவை சொல்லிப் பாருங்க. வ சொல்லும்போது மேல்பல் விளிம்பு கீழ் உதட்டோட உள்ஓரத்தை லேசா தொடணும், குத்தினா பல்லு நீளம், எட்டவே இல்லைன்னா குட்டை. சிரிச்சு வீடியோ எடுங்க, பக்கவாட்டுலயும் எடுங்க.

கலர்ல பேராசைப்படாதீங்க. கண்ணோட வெள்ளையை விட பல்லு வெள்ளையா இருந்தா பேசும்போது எதிர்ல இருக்கறவங்க பல்லைத்தான் பாப்பாங்க, உங்களைப் பாக்க மாட்டாங்க. பாத்ரூம் டைல்ஸ் மாதிரி ஒரே தட்டையான வெள்ளை வேண்டாம், விளிம்புல கொஞ்சம் ஒளி ஊடுருவணும், கோரைப்பல் ஒரு துளி அடர்த்தியா இருக்கணும், இயற்கையே அப்படித்தான்.

படி 8: செஞ்சதைக் காப்பாத்தறது

ராத்திரில பல்லை நறநறன்னு கடிக்கற பழக்கம் இருந்தா நைட் கார்டு (தூங்கும்போது பல்லு மேல மாட்டற காப்பு உறை) இல்லாம வெனீரோ பாண்டிங்கோ போட்டுக்காதீங்க. அலைனர் முடிஞ்சவங்களுக்கு ரிட்டெய்னர் (நகத்தின பல்லை அதே இடத்துல பிடிச்சு வைக்கிற உறையோ கம்பியோ) வருஷக்கணக்குல உண்டு, நிறுத்தினா பல்லு பழைய வீட்டுக்குத் திரும்பும். புளிப்பா ஏதாவது சாப்பிட்டா உடனே தேய்க்காம தண்ணியில கொப்பளிச்சுட்டு அரை மணி நேரம் கழிச்சு தேய்ங்க. காபியை நாள் முழுக்க ஒரு வாய் ஒரு வாயா இழுத்துக்கிட்டே இருக்கிறதை விட ஒரே மூச்சுல குடிச்சு வாய் கொப்பளிக்கறது பல்லுக்கு மேல். சிகரெட் விடலைன்னா இந்த செலவெல்லாம் எதுக்குன்னு எனக்குப் புரியல.

வெளுத்த கலர் பொதுவா 1லேருந்து 3 வருஷம் நிக்கும், மெல்ல இறங்கும். அப்போ முழுசா முதல்லேருந்து ஆரம்பிக்க வேணாம், பழைய ட்ரே இருந்தா ஒண்ணு ரெண்டு ராத்திரி ஜெல் வெச்சாலே ஏறிடும். அதனால ட்ரேயைத் தூக்கிப் போடாதீங்க. பச்சைத் தண்ணில கழுவுங்க, சுடுதண்ணி பட்டா வளைஞ்சுடும், என்னோட முதல் ட்ரே அப்படித்தான் போச்சு. மிச்ச ஜெல் சிரிஞ்சை ஃப்ரிட்ஜ்ல வைங்க, மேல பேர் எழுதி ஒட்டுங்க, வீட்டுல வேற யாராவது களிம்புன்னு நினைச்சு எடுத்துடப் போறாங்க.